கிடைத்தது, பார்க்கிறேன்

என் வேலை தபால் வரவு. கிழக்கேகோட்டையில் அஞ்சல்வழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் மாடி அலுவலகத்தில், வருகிற கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் எழுதுவேன். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று அச்சடித்த அட்டை ஒன்றை அன்றே அனுப்பிவிடுவேன். பத்தொன்பது வருடங்களில் ஒரு அட்டைகூட மறுநாளைக்குத் தள்ளிப்போனதில்லை. அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமைதான் காரணம்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய ஆரம்ப வருடங்கள். ஒரு மழைக்காலத்தில் என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும், பிறகு பேச முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது.

அவள் பேச்சுக்காரி. ஸ்ரீவராகத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவர் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகலில் என் அலுவலகத் தொலைபேசிக்கு நான்கைந்து தடவை கூப்பிடுவாள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, எதிர்வீட்டில் சண்டை, இப்படி ஏதாவது. நான் 'ம்' போட்டுக்கொண்டே முத்திரை குத்துவேன்.

அந்த மாதத்தில்தான் அலுவலகத்தில் மோடம் வாங்கினார்கள். வகுப்பு நேரத்தையும் தேர்வு நேரத்தையும் மாணவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவதற்கு. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சிம் கார்டு, வெளியே விரல் நீளத்துக்கு ஆன்டெனா, கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருக ஒரு கேபிள். விற்றவர் அனுப்பிய ஆள் அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று சொல்லிப் போய்விட்டார். திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வந்துகொண்டிருந்தன. நான் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வாசித்தேன். மோடம் ஒரு வேகத்தில் பேச, கம்ப்யூட்டர் வேறொரு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே வேகத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று. ஏ, டி என்று இரண்டு எழுத்து தட்டினால் ஓ.கே. என்று பதில் வரும். மோடம் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவளுடைய குரல் அப்போதே கம்மிப்போயிருந்தது.

"ரெண்டு எழுத்து தட்டினா உடனே ஓ.கே.ன்னு சொல்லுதாக்கும்? இருபத்திரெண்டு வருசத்துல நான் ஒருதடவையாவது ஒங்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"இல்லை."

"பின்னே? அதையே கெட்டிக்கிடுங்க."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. பேச்சு போன பிறகு அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட முடியாது. ஆனால் மோடத்தின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். என் மேஜைத் திரையில் வந்துவிடும். மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். "அதினெந்தா சாரே, அயச்சோட்டே" என்றார் மலையாளத்தில். அதற்கென்ன, அனுப்பட்டும் என்று. எங்கள் வசதிக்கு ஒரு கைப்பேசிதான் வாங்க முடிந்தது. அதை அவளிடம் கொடுத்தேன்.

ஆபரேஷன் வரைக்கும் அதில் தட்டிப் பழகினாள். அதில் தமிழ் கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். "இந்த லெட்சணத்துல ஒங்கள ஏசி முடிக்கதுக்குள்ள எனக்குக் கோவம் ஆறிப்போவும்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் துணைக்கு அவளுடைய தங்கை நாகர்கோவிலிலிருந்து வந்து தங்கினாள். நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பதினான்கு செய்திகள் வந்தன. மழை வருது. கஞ்சி குடிச்சாச்சு. எதிர்வீட்டுக்காரி கண்ணாலேயே துக்கம் விசாரிக்கா, கதவச் சாத்திட்டேன். எல்லாவற்றையும் நேரத்தோடு டைரியில் எழுதிவைத்தேன். முதல் இரண்டு நாள் நானே தட்டிப் பதில் போட்டேன்.

ஆனால் தபால் ஆபீசுக்கும் பேங்குக்கும் போகிறவன் நான். பாதி நேரம் நாற்காலியில் இருப்பதில்லை. பதில் வராமல் அவள் பதறக்கூடாது. மோடத்தோடு வந்த மென்பொருளில், வருகிற செய்திக்குத் தானாகவே பதில் அனுப்பும் வசதி இருந்தது. மாணவர்களுக்கு ஒன்று வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவளுடைய எண்ணுக்கென்று தனியாக ஒன்று வைத்தேன்: 'கிடைத்தது. பார்க்கிறேன்.'

ஐந்தாறு நொடியில் பதில் போய்விடும். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. திரும்பி வந்ததும் அவள் அனுப்பியதை வாசிப்பேன், டைரியில் எழுதுவேன், கேட்டதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பதில்தான் போய்விட்டதே என்று நானாக ஒன்றும் தட்டுவதில்லை.

அடுத்த வாரம் செய்திகள் நாளுக்கு ஒன்பதாயின. பிறகு நான்கு. பிறகு இரண்டு. 'இன்று இரண்டே. தேறி வருகிறாள்' என்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை தபால் ஆபீசிலிருந்து மூன்றே கால் மணிக்குத் திரும்பி வந்தேன். திரையில் இரண்டு பத்துக்கு வந்த செய்தி ஒன்று இருந்தது.

'நான் செத்துப் போயிட்டேன்.'

குடையை எடுக்கவில்லை. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. கோட்டைச் சுவரை ஒட்டி ஓடினேன். ஒரு செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவள் முன்னறையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கட்டு. நான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் பென்சிலை எடுத்து, பேசுவதற்காக வைத்திருந்த நோட்டில் எழுதிக் காட்டினாள்.

'கிடைச்சுதா? பாத்தாச்சா?'

கைப்பேசியையும் நீட்டினாள். இரண்டு பத்துக்கே என் பதில் வந்திருந்தது. கிடைத்தது. பார்க்கிறேன்.

அடுக்களையிலிருந்து அவள் தங்கை வந்தாள்.

"நாலஞ்சு நாளா அக்கா சோதிச்சுப் பாத்தா அத்தான். சோறு வெந்துட்டுன்னு அனுப்பினா, கிடைத்தது பார்க்கிறேன். நீங்க ஒரு கழுதைன்னு அனுப்பினா, கிடைத்தது பார்க்கிறேன். மொதல்ல ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் அவ சிரிக்கல்ல."

கழுதை என்று வந்ததையும் நான் டைரியில் எழுதியிருந்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

"அக்கா, போதும், விடு. அத்தான் நனைஞ்சுபோய் நிக்காவ" என்று தங்கை துண்டு எடுக்கப் போனாள். மனைவி மறுபடியும் அரிசி பொறுக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று விளக்கு வைத்த பிறகு, டைரியை முதல் நாளிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரு குறி போட்டிருந்தேன். முடிந்தது என்று பொருள். எட்டாம் நாள், பதினொன்று நாற்பதுக்கு வந்தது இது: 'என் சத்தம் ஒங்களுக்கு மறந்துட்டா?' அதற்கு அடுத்த வரி, பன்னிரண்டு ஐந்து: 'மல்லி இலை வேணும்.' இரண்டுக்கும் எதிரே ஒரே மாதிரிக் குறி. அன்று சாயங்காலம் மல்லி இலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் டைரியில் எழுதியிருப்பேன்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உன் சத்தம் எனக்கு மறக்கவில்லை" என்றேன்.

அவள் நோட்டை எடுத்தாள். எழுதி முடிக்க வெகுநேரமானதுபோல் இருந்தது.

'கேட்ட அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.'

கோபமாக எழுதவில்லை. எழுத்து நிதானமாக, வரியில் நேராக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் தானியங்கிப் பதிலை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நானே அவளுக்கு அனுப்பத் தொடங்கினேன். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அதற்குமுன் அவளிடம் நானாகக் கேட்டறியாத கேள்விகளையெல்லாம் கேட்டேன். அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை. உடனுக்குடன் பதில் வரும். சாப்டாச்சு. நல்லா இருக்கேன். வலி இல்ல. தானாக அனுப்பியது வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களைத்தான். தங்கை ஊருக்குத் திரும்பிய பிறகும் அப்படியே.

அடுத்த வருடம் நோய் திரும்பி வந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை. அந்தக் காலம் முழுவதும் அவள் அனுப்பியவை என் டைரியில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றில்கூடக் கேள்வி இல்லை. கடைசி மாதங்களில் ஒரு நாள், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டு அனுப்பினேன்.

'ஒண்ணுமில்ல' என்று வந்தது.

மறுபடியும் கேட்டேன்.

'ஒண்ணுமில்ல. நீங்க வேலையப் பாருங்க.'