சூடு தெரியாத மிஷின்

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அல்ட்ராசவுண்ட் மிஷின் ஒன்றை வைத்து, மூட்டுவலிக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் பார்த்தேன். காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, உள்ளே இளஞ்சூடு ஏற்றும் மிஷின். தோலில் ஜெல்லியைத் தடவி, அதன் உலோகத் தலையை நிறுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். படுத்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் வம்பு.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுள்ளென்று இருந்தால்தான் அது வைத்தியம். "என்ன சார், சும்மா தடவுதிய? கரண்ட் வருதா இல்லையா?" என்பார்கள். கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்டது. ஒருநாள் அளவைக் கூட்டி, தலையை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்தேன். எலும்பில் சுரீரென்று பிடித்தது. "ஆங், இப்பம்லா வேலை செய்யுது!" என்றார்கள். கூட்டம் கூடியது. என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

அப்போதுதான் விசைத்தறி ஓட்டுகிறவர் ஒருவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து வயது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் அடி. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் இந்த மிஷினை வைக்கவே கூடாது என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மறக்கவில்லை. "ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் வருது சார், அதுக்குள்ள சரியாயிரணும்" என்று அவர் கெஞ்சினார். ஒரு மாதம் வைத்தேன், அதே சூட்டோடு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் பிள்ளை. வலி போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். அவள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அடிபட்ட கால் மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டை. எலும்பு வளரும் இடம் கெட்டுப்போயிருக்கிறது, விழுந்த அடியாலும் இருக்கலாம், மிஷின் சூட்டாலும் இருக்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னாராம்.

"எதுனால சார்?" என்று கேட்டார் அவர்.

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அவர் என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, நல்ல காலை என் முன் நீட்டினாள்.

"இதுலயும் வைங்க சார். இதுவும் வளராம நின்னுட்டா, ரெண்டும் சமமாயிரும்லா?"

அவள் அப்பா அவளை அதட்டவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.