அனுமதி கேட்டு ஒரு தந்தி

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. திருத்தணியில் அப்படி மூன்று வண்டிகள் நின்ற ஷெட்டுக்கு நான் மானேஜர். பெரிய முதலாளி இருந்தவரை நான் துணிச்சல்காரன்தான். ஒரு ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் அவரைக் கேட்காமலே ஒரு வண்டியை அதிகப்படியாக விட்டேன். அது நடுவழியில் படுத்துவிட்டது. "ஜனம் நிக்கும்போது வுடாம இருந்தாத்தான்யா தப்பு" என்று சிரித்தார் மனிதர்.

அவர் காலமானபின் மகன் சென்னையில் இருந்தபடியே நிர்வாகம் செய்தார். உத்தரவில்லாமல் வண்டியை எடுத்தால் வேலை போகும் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். அடுத்த மாதமே, கேட்காமல் வண்டி எடுத்த அரக்கோணம் ஷெட் மானேஜரை வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு ஆணி வாங்கவும் நான் கடிதம் எழுதினேன்.

ஒரு நாள் காலை எங்கள் டிரைவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம்.

"கொழந்த குறுக்க கீதாம் சார். அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாத்தான் பொழைக்குமாம். வண்டி சூடாத்தான் கீது, குடுங்க சார்."

கரியைப் பற்றவைத்து முக்கால் மணி நேரம் ஊத வேண்டிய வண்டி, அன்றைக்கென்று தயாராக நின்றது. நான் சுவரைப் பார்த்தேன்.

"மொதலாளிக்குத் தந்தி குடுக்கறேம்பா. பதில் வந்துரும், கொஞ்சம் இரு."

"ஆங், சரிங்க சார்" என்றார். என்னைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்திருக்கக் கூடாதா அந்த மனிதர்!

பதினோரு மணிவரை வாசலிலேயே நின்றார். பதில் வரவில்லை. அடுத்த ரயில் சாயங்காலம்தான். மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

மறுநாள், கருமாதிவரை லீவு கேட்க அவர் என்முன் நின்றபோதுதான் தந்திச் சேவகன் வந்தான். இங்கிலீஷில் இரண்டே வரி. உடனே அனுப்பு. இதற்கெல்லாமா கேட்பது?

"மொதலாளி என்னா சார் எழுதிகிறாரு?"

தந்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"வேணாம்னுட்டாருப்பா" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "எனுக்காக நீங்களாச்சும் கேட்டீங்களே சார், அது போதும்."