மார்லிஸ் சொன்ன குறை

புள்ளிப் பலகையில் ஐம்பத்திரண்டுக்கு ஆறு என்று மின்னிக்கொண்டிருந்தது. அப்படி ஜெயித்த பிறகும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வருகிற ஜனங்களை நெப்ராஸ்காவின் கோர்வின் நகரத்தில்தான் பார்க்க முடியும். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றால் அங்கே ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்வார்கள். மூச்சுமுட்ட ஜெயித்தால் கட்டிப்பிடித்து அழுவார்கள். சுலபமாக ஜெயித்துவிட்டாலோ, குறை சொல்லியே தீர வேண்டும்.

எல்லாம் அனுபவம் தந்த பயம். ஒரு சமயம் இதே போல ஏதோ ஒரு சின்னக் கல்லூரியை அடித்து நொறுக்கிவிட்டு, பந்தைக் கையில் எடுத்து முன்னேறும் தாக்கும் அணியை ஊரே வாயாரப் புகழ்ந்தது. அடுத்த சனிக்கிழமை பரம எதிரியான ஹோல்ட் கல்லூரியிடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் மண்ணைக் கவ்வினார்கள். அன்றிலிருந்து, ஊரின் உயரமான தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வண்டி நிறுத்துகிற கூட்டத்துக்கு ஒரு சட்டம். ஆட்டம் முடிந்ததும் பிக்கப் வண்டியின் பின்கதவைச் சாய்த்து, இறைச்சியும் பீன்ஸும் கொதிக்கும் சில்லிப் பானையை அதன்மேல் வைப்பார்கள். கரண்டி கைமாறிக்கொண்டே போகும். அது யார் கைக்கு வருகிறதோ, அவர் தாக்கும் அணியைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். சொன்னால்தான் கிண்ணம் நிறையும்.

கரண்டி கடைசியாக வந்து சேருமிடம் மார்லிஸ் வொண்ட்ரா. அவள் பேசிய பிறகு யாருக்கும் பேச எதுவும் மிச்சமிருக்காது என்பதால் அந்த ஏற்பாடு.

மார்லிஸுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. ஊரின் பெரிய மளிகைக் கடையில் இறைச்சி வெட்டும் மேஜைக்குப் பின்னால் நிற்பவள். கத்தி பிடித்த கை போலவே நாக்கும். கல்யாணமான புதிதில் அவளும் கணவன் லேலண்டும் கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் மலிவான இருக்கைகளில் உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால் பந்து எங்கே போகிறதென்று தெரியாது. முன்வரிசையில் முட்டி மோதிக்கொள்ளும் ஐந்து முரட்டுப் பையன்களின் கால்கள் மட்டும் நன்றாகத் தெரியும். பந்தை வீசுகிறவனுக்கு அந்த ஐவர்தான் சுவர். மற்றவர்கள் பந்தைப் பார்த்து வளர்ந்தார்கள் என்றால், மார்லிஸ் சுவரைப் பார்த்து வளர்ந்தவள்.

தீவன லாரி ஓட்டிய லேலண்ட் ஒரு அறுவடைக் காலத்தில் ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்து இறந்துபோனான். அப்போது மகன் எம்மெட்டுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவள் இரண்டு டிக்கெட்டையும் விடவில்லை. அப்பா இருக்கையில் மகன் உட்கார்ந்தான். வளர்ந்தான், அகன்றான், கடைசியில் உதவித்தொகை எதுவுமில்லாமல் தானாகவே போய்க் கதவைத் தட்டி அதே அணியில் சேர்ந்தான். அந்த இருக்கை மறுபடி காலியானது. காலியான இருக்கையைப் பார்த்து ஒரு தாய் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான் இருக்கும்.

ஆனால் நான்கு வருடங்களாக எம்மெட் ஒரு நொடிகூடக் களத்தில் இறங்கவில்லை. பயிற்சியில் எதிரணியாக நின்று முதல் அணிப் பையன்களிடம் அடி வாங்குவதுதான் அவன் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவன்மேல் பிரியம். அந்தப் பிரியந்தான் அவனை அரித்தது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவன் தட்டை நகர்த்திவைத்தான்.

"அம்மா, கூட்டுறவு தானியக் கிடங்குல வேலை இருக்குன்னு கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"பந்தயக் காலம் இப்பதானடா ஆரம்பிச்சிருக்கு?"

"சனிக்கிழமை ஆட்டத்தோட கடைசிக் கால்பகுதியில என்னை எறக்குறேன்னு கோச் சொல்லியிருக்காரு. நான் அந்த எடத்துக்கு லாயக்கா இல்லையான்னு அன்னிக்குத் தெரிஞ்சிரும். இல்லைன்னா திங்கக்கிழமை சட்டையத் திருப்பிக் குடுத்துட்டு வேலைக்குப் போறேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எல்லாரும் எங்கிட்ட பாவம் பாத்துப் பேசுறாங்கம்மா. நீயாவது உண்மையச் சொல்லணும். அடுத்தவங்க பிள்ளையச் சொல்ற மாதிரியே சொல்லணும்."

"சரி" என்று சொல்லிவிட்டாள்.

கடைசிக் கால்பகுதியில் இறக்கினார்கள். இடது ஓரம். மார்லிஸ் இருக்கையின் நுனிக்கு வந்தாள். பந்து நகர்ந்தது. எதிரே நின்ற மெலிந்த பையன் ஒருவன் எம்மெட்டைச் சுற்றிக்கொண்டு காற்றாகப் போனான். எம்மெட்டின் கால்கள் நட்டுவைத்தது போல அப்படியே நின்றன. பந்து வீசவேண்டிய புதுப் பையன் முதுகில் அடி வாங்கிக் கவிழ்ந்தான். சிதறிய பந்தை எதிரணிக்காரன் ஒருவன் பொறுக்கிக்கொண்டு கடைக்கோடிவரை ஓடி ஆறு புள்ளி எடுத்தான். பலகையில் இருந்த அந்த ஆறு, அவள் மகன் கொடுத்த ஆறு.

தண்ணீர்த் தொட்டியின் கீழே கரண்டி சுற்ற ஆரம்பித்தபோது மார்லிஸ் வெங்காயத்தைத் தூவுவதும் மூடியைத் திறந்து மூடுவதுமாக இருந்தாள். எம்மெட் குளித்துவிட்டு இங்கேதான் சாப்பிட வருவான்.

"ஓடுறவங்க ரெண்டு பேரும் பந்தை ரொட்டி மாதிரி தூக்கிட்டு ஓடுறாங்க. ஹோல்ட்காரன் தட்டினா கீழ விழுந்துரும்" என்றாள் லவோன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லவோன் மார்லிஸின் சிநேகிதி.

"நீ ஒரு தடவை சில்லிப் பானையவே கீழ போட்டவ. நீ பேசுறியா?" என்றார் டுவெய்ன். டுவெய்ன் ஷோயன் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். வண்டியும் பானையும் அவருடையவை.

"அது எண்ணெய் கை, பெரியவரே. கரண்டியப் பிடிங்க, உங்க குறையச் சொல்லுங்க."

டுவெய்ன் கரண்டியை வாங்கினார். மார்லிஸைப் பார்த்தார். "மூணாவது கால்பகுதிவரைக்கும் நல்லாத்தான் ஆடினாங்க. அதுக்கப்புறம் என்ன, பாதி ஜனம் எழுந்து போயாச்சு. நானும் சரியாப் பாக்கல."

மார்லிஸின் கை வெங்காயத்தோடு நின்றது. டுவெய்ன் பார்க்கவில்லையா? மழையில் எல்லாரும் ஓடினபோதுகூடக் குடைக்கடியில் உட்கார்ந்து கடைசி நொடிவரை பார்த்த மனிதர். லவோன் சட்டென்று வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இன்னொருவர் மாட்டுத் தீவனத்தைப் பற்றி. பாவம், அத்தனை பேரும் நல்லவர்கள். அவளுக்காக ஒரு கால்பகுதி ஆட்டத்தையே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் எம்மெட் வந்தான். ஈரத்தலை, வெளிறிய முகம், தோளில் பை.

"வாப்பா, வா!" டுவெய்ன் எழுந்தே விட்டார். "ஜோரா ஆடின போ! எங்க எல்லாருக்கும் பெருமையா இருக்கு."

கூட்டம் திடுக்கிட்டது. சுலபமான வெற்றிக்குப் பிறகு அந்தத் தொட்டியின் கீழே ஒருவர் புகழ்ந்து பேசிவிட்டார்! அடுத்த வாரம் ஹோல்ட்! ஆனால் ஒருவரும் டுவெய்னைத் திட்டவில்லை. லவோனும் தலையை ஆட்டி, "ஆமா, சட்டை உனக்கு நல்லா இருந்துச்சுடா" என்றாள். எவ்வளவோ யோசித்து அவளுக்குக் கிடைத்தது சட்டைதான்.

எம்மெட் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த தாய்க்கு நெஞ்சு பிளந்தது. பிள்ளை ஒன்பது வயதில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்கள் தலையைத் தடவும்போதெல்லாம் சிரித்த அதே சிரிப்பு. அவன் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "நான் கெளம்புறேன், டுவெய்ன். பசிக்கல" என்றான்.

போகிறான். இப்போது போனால் திங்கட்கிழமை கிடங்குக்குத்தான் போவான். உண்மையைச் சொன்னாலும் போய்விடுவானோ? அடுத்தவர் பிள்ளைகளை எத்தனை சனிக்கிழமை கூறுபோட்டிருக்கிறாள்! பெற்ற பிள்ளைமேல் கத்தி வைக்க எந்தத் தாய்க்குக் கை வரும்? அவளுக்குள் இருந்த தாய் வாயைப் பொத்து என்றாள். வியாழக்கிழமை "சரி" என்று சொன்னவள் விடவில்லை.

"கரண்டிய இங்க குடுங்க, டுவெய்ன்" என்றாள்.

"மார்லிஸ், இன்னிக்கு வேண்டாம்மா..."

"குடுங்க."

வாங்கினாள். மகனின் முகத்தைப் பார்த்தே பேசினாள். "இன்னிக்கு இடது ஓரத்துல கடைசியா ஒருத்தன் நின்னான். சுவருன்னு நெனச்சுதான் அந்தப் புதுப் பையன் அவனுக்குப் பின்னால நின்னான். அது சுவரில்ல, எங்க கடை வாசக்கதவு. கிட்டப் போனாலே தானாத் திறந்துக்கும். எதிராளி 'வணக்கம்'னு சொல்லாத குறையா உள்ள போயிட்டான்!"

லவோன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்க எடுத்த ஆறு புள்ளியும் இவன் வீட்டுச் சீதனம். காலு ரெண்டும் தார்ல ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுச்சு. இடது காலப் பின்னால எடுத்து வெக்கணும்னு தெரியாதா? தெரியும். எனக்கு அதுதான் ஆத்திரம். அதுக்கப்புறம் பந்து நகந்த ஒவ்வொரு தடவையும் எடுத்து வெச்சானே! அதே மெலிஞ்ச பையன் அதுக்கப்புறம் ஒரு தடவகூட உள்ள போகல. ஒரு தடவ அவன் மல்லாக்க விழுந்து வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தான், பாத்தேன். செய்யத் தெரிஞ்சவன் மொதத் தடவ ஏன் செய்யல? அதுதான் என் குறை." அவள் விடவில்லை. "பந்து நகந்தப்ப நீ எங்கடா பாத்துக்கிட்டிருந்த?"

எம்மெட் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைத்தாம்மா" என்றான். "கோல்கம்பத்துக்குப் பின்னால. நீ எழுந்து நிக்கிறியான்னு பாத்தேன்."

மார்லிஸுக்கு உலகமே கலங்கித் தெரிந்தது. அவனை அள்ளி அணைத்துக்கொள்ளத்தான் உடம்பு துடித்தது. ஆனால் அவன் கேட்டது அணைப்பை அல்ல.

"நான் இருவது வருஷத்துக்கு மேல அதே இருக்கையிலதான் உக்காந்திருக்கேன். எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன். எதிர்ல நிக்கிறவன்தான் ஓடுவான். அவனைப் பாரு, முட்டாள் பயலே!"

எம்மெட்டின் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முன்பு சிரித்த சிரிப்பு அல்ல. "கடை வாசக்கதவா?" என்று கேட்டு, சிரித்துக்கொண்டே பையைத் தரையில் போட்டான்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. டுவெய்ன் தொடையில் தட்டினார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த ஒரு ஆட்டத்தப் பாத்துட்டு என் பைனாகுலரையே வித்துரலாம்னு நெனச்சேன்!"

"சரியாப் பாக்கலன்னீங்களே, பெரியவரே?" என்றாள் லவோன்.

"பொய் சொன்னேன். அவன் இடது கை வேற ரொம்ப மேல போகுது. லவோன் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி."

"என் ஸ்டியரிங்க இழுக்காதீங்க! ஏண்டா எம்மெட், அவன் உன்னைத் தாண்டிப் போறப்ப ஒரு டாட்டாவாவது காட்டியிருக்கலாமே?"

"இடது கை சரியாத்தான் இருந்துச்சு" என்று எம்மெட் வாதாடினான். "கோச்சே ஒண்ணும் சொல்லல."

"கோச் சம்பளத்துக்குப் பாக்குறாரு. நாங்க பைத்தியம் பிடிச்சுப் பாக்குறோம்."

நான்கு வருடங்களில் முதல் தடவையாக அவனைக் கூறுபோட்டார்கள். முதல் அணிப் பையன்களைப் பேசுகிற அதே வாயால், அதே இரக்கமில்லாமல். அவன் கிண்ணத்தை நீட்டினான், நிறைத்தார்கள். பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருளை அதில் தோய்த்துத் தின்றுகொண்டே ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டான். வாயில் ரொட்டியோடு, "ஹோல்ட்ல அந்த ஓரத்துல நிக்கிறவன் இன்னிக்கு வந்த மெலிஞ்சவனைவிட வேகமாமே?" என்று டுவெய்னிடம் விசாரித்தான்.

மார்லிஸ் காதைத் தீட்டிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறான். திங்கட்கிழமை சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் அதைக் கேட்க மாட்டான்.

"அம்மா, இங்க வா" என்றான் எம்மெட். கிண்ணத்தை வைத்துவிட்டு, இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் போய் முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றான். "நீதான் அந்த மெலிஞ்ச பையன். வா."

"மெலிஞ்சவளா? இவளா?" என்று லவோன் கத்தினாள்.

மார்லிஸ் ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். ஐம்பதை நெருங்குகிற, முழங்கால் வலிக்கிற அந்தப் பெண்பிள்ளை, கூட்டம் கூச்சலிட, தலையைத் தாழ்த்திக்கொண்டு மகனைச் சுற்றி ஓடப் பார்த்தாள். எம்மெட்டின் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை. தோளை மட்டும் பார்த்தது. இடது கால் பின்னால் போய்த் தரையில் ஊன்றியது. விரிந்த அந்தப் பெரிய கைகள் அவளைத் தடுத்து, விழாமல் பிடித்து, மெதுவாக ஓரங்கட்டின.

"கை இன்னும் மேலதான் போகுது" என்றாள் மூச்சு வாங்க, கண்ணைத் துடைக்காமலே.

"அப்படியா?" அவன் மறுபடி குனிந்தான். "இன்னொரு தடவ வாம்மா."

வந்தாள்.