கழிவாய் திறந்த ஞானதாஸ்

முட்டுக்காட்டு ஞானதாஸுக்கு நாவலூரில் காவலாளி வேலை. அடுக்குமாடி வாசலில் நீல உடுப்போடு நின்றாலும் மனசு என்னவோ உப்பங்கழியோரத்து வீட்டில்தான். காற்றை மோந்தே கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பாதி நிஜம், மீதி அவரே கிளப்பிவிட்டது.

கழி லேசுப்பட்டதில்லை. கடல் நாளுக்கு இரண்டு முறை அதற்குள் வந்து போகும். வரும்போது இறாலையும் மடவை மீனையும் கூட்டிவரும்; போகும்போது ஊர் அழுக்கை வாரிக்கொண்டு போகும். அதோடு சேரும் பழைய கால்வாயில் ஞானதாஸின் தாத்தா உப்பும் விறகும் ஏற்றிய படகைக் கயிறு கட்டி, கரையில் நடந்தே பட்டணம்வரை இழுத்தவர். கயிறு அறுத்த தோள்பள்ளத்தில் ஒரு நண்டு குடியிருந்து குட்டி போட்டதாம். நம்பாதவர்களுக்கு அந்த வீட்டில் டீ கிடையாது. இன்று அதே தண்ணீரில் உல்லாசப் படகில் உட்கார்ந்து ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்கிறார்கள்.

அந்தக் கார்த்திகையில் கழி கடலைத் தொடும் வாயை அலை மணல்போட்டு அடைத்துவிட்டது. மேலே விடாத மழை. போக வழியில்லாத தண்ணீர் ஞானதாஸின் முற்றத்துக்குள் புகுந்தது. மறுநாள் காலை அதே முற்றத்தில் மகள் ஜெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம். கருங்குழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

"யோவ், நாளைக்கு நாற்காலி போடறதா, தோணி போடறதா?" என்றாள் மனைவி வரலட்சுமி. "தண்ணில கீற வூட்ல பொண்ணெடுக்கறதான்னு பையனோட அத்தை ஏற்கெனவே மொணகிக்கினு கீது. வந்து பாத்துச்சுன்னா அப்படியே வண்டியத் திருப்பிடும்."

மண் வெட்ட வந்த பொக்லைன் ஈரமணலில் புதைந்து நின்றது. ஞானதாஸும் மச்சான் மோசஸும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கடல் வற்றும் நேரத்தில்தான் வாயைத் திறக்க வேண்டும். அது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். மகள் கவலையில் ஞானதாஸ் மூக்கை மறந்தார். கடல் ஏறும் நேரத்திலேயே வெட்டினார். காலையெல்லாம் வெட்டியதை நாலே அலை வந்து மணலள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போயின.

"மாமா, கடலு சும்மா ஒரு கொட்டாவி வுட்டுட்டு மூடிக்கிச்சு," என்றான் மோசஸ்.

"நீ மொதல்ல உன் வாய மூடுடா."

மத்தியானம்வரை காத்திருந்து, அலை பின்வாங்கத் தொடங்கியதும் மறுபடி வெட்டினார்கள். கடலைத் தொடும் கடைசிச் சாண் மணலில் மட்டும் மண்வெட்டி படக்கூடாது. குதிகாலால் கோடு இழுப்பதுதான் வழக்கம். ஞானதாஸ் இழுத்தார்.

முதலில் அரைஞாண்கயிறு கனத்தில் ஒரு நீர். கடலைத் தொட்டதும் அது தடித்தது. மணிக்கட்டளவு, இடுப்பளவு. பிறகு இரண்டு பக்கமும் மணல் வீட்டுச்சுவர் மாதிரி பொத்துப்பொத்தென்று விழ, கழி முழுக்க எழுந்து நடந்தது. கால்வாயின் கறுப்புத்தண்ணீர், ஏரிகளின் செம்மண்தண்ணீர், வேரோடு ஒரு தென்னை, யாருடையதோ பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் கர்ஜனையோடு கடலுக்குள். கடலின் நீலத்தில் செம்மண் நாக்கு அடிவானம்வரை நீண்டது. மோசஸ் வீட்டுப்பக்கம் தாவிவிட்டான். ஞானதாஸ் எதிர்க்கரையிலேயே மாட்டிக்கொண்டார். தன் குதிகாலைக் குனிந்து பார்த்தார். இந்தக் காலா இதைச் செய்தது? கை தானாகக் குவிந்தது.

செல்போன் அடித்தது. ஜெனிட்டா. "நைனா, தண்ணி வடிஞ்சிகினே போவுது! நீ எங்க கீற?"

"இங்கதாம்மா," என்றார். பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச்சேர இருட்டிவிட்டது.

காலையில் வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அத்தை முற்றத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். தண்ணீர் இறங்கிய பள்ளங்களில் எல்லாம் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை குனிந்தாள்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க?" என்றாள். "ஒரு சட்டி குடுங்க. பொண்ண அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடாது."