தாமரையின் மொட்டை

பண்டமாரானில் என் சாப்பாட்டுக் கடையில் தோசை ஊற்றும் தாமரைக்கு அவசரபுத்தி. முல்லைத்தீவுப் போரில் குடும்பத்தையே பறிகொடுத்துவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு மலேசியாவுக்கு வந்து சேர்ந்தவள். அந்தப் பிள்ளை மாதவிக்கு இப்போது பதினைந்து வயது. அகதி அட்டையை வைத்துக்கொண்டு இங்கே அரசுப் பள்ளியில் சேர முடியாது. கனடா அரசாங்கம் குடியேற்றிக்கொண்டால்தான் அவளுக்குப் படிப்பு.

போன மாதம் கனடாக்காரர்களின் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மறுநாளே தாமரை மொட்டைத் தலையோடு கடைக்குள் நுழைந்தாள்.

"கடிதம் வந்தா முடி தாறன் எண்டு பத்துமலை முருகனுக்கு நேர்த்தி வைச்சனான் அக்கா."

"அடி கூறுகெட்டவளே! இன்டர்வியூ முடியற வரைக்கும் முருகன் காத்திருக்க மாட்டாரா? கார்டு போட்டோவுல முடி இடுப்பு வரைக்கும் இருக்குலா!"

நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. ஆள் அவள்தான் என்று கைரேகை காட்டிவிட்டது. ஆனால் நேர்காணல் செய்த வெள்ளைக்கார அம்மாளுக்கு வேறு சந்தேகம். புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடி கொட்டியிருக்குமோ, நோயை மறைக்கிறாளோ? நேர்த்திக்கடன் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் நம்பாமல், அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"என்ர அவசரத்தால பிள்ளையின்ர படிப்புப் போச்சுதக்கா" என்று தாமரை அடுப்படியில் உட்கார்ந்து தேம்பினாள். எனக்கு வந்ததே கோபம்! அவள்மேலா, அந்த அம்மாள்மேலா, முருகன்மேலா, தெரியவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேராகப் பத்துமலைக்குப் போனேன். நான் தினமும் மல்லிகை வைத்துச் சீராட்டிய முடி. மொட்டையடிக்கக் கத்தியை எடுத்தவர், "பெரிய வேண்டுதலாக்கா?" என்றார்.

"பேசாம வழிங்கண்ணே."

அடுத்த வாரம் இரண்டு மொட்டைகளும் கோலாலம்பூருக்கு ரயிலேறினோம். காத்திருக்கும் அறைக்கு வந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன். "எனக்கும் நோயா மேடம்? சாமிக்குக் கொடுத்தது! தைப்பூசத்துக்கு வாங்க, ஆயிரம் மொட்டை காட்டறேன்!"

சிரித்துவிட்டார். சட்டென்று முகம் மாறி, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார்.

"இவங்க உங்களுக்கு யாருன்னு கேக்குறாங்க. மகளைத் தவிர சொந்தம் யாரும் இல்லைன்னு ஃபைல்ல இருக்காம்."

தாமரை பொய் சொல்லிவிட்டாள் என்று எழுதிவிட்டால்?

தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் செத்தாப் பிறகு கிடைச்ச அக்கா."

அந்த அம்மாள் ஃபைலை மூடி, "கனடா குளிருக்கு நல்ல உடுப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

தாமரை என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிடைத்த தங்கச்சியை நானே அவளுக்காகச் சண்டை போட்டு அனுப்பிவைக்கிறேன். பிள்ளை படிக்கட்டும், நல்லா இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லி, அங்கேயே ஓவென்று அழுதேன்.