பாகல் விதைக்கு வெந்நீர்

அப்போது எனக்கு எட்டு வயது. பூச்சோங்கில் ஒன்பதாவது மாடியில் எங்கள் வீடு. பள்ளியில் ஆளுக்குப் பத்துப் பாகல் விதைகளைக் கொடுத்து, வீட்டுக்குள்ளேயே முளைக்க வைத்து எடுத்துவரச் சொன்னார்கள். ஓடு கெட்டியானது, வெந்நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்றார் ஆசிரியை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று நோட்டில் இரண்டு கேள்விகள் எழுதினேன். பதில் தெரியாததால் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். ஐந்தாம் நாள் விதைகள் நாறின.

“என்னடி, விதையில சூப்பு வச்சிட்டியா?” என்று சித்தி சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் அன்றுதான் அவர் சிரித்தார்.

சித்தியின் வீடு கிள்ளானில். தீபாவளிக்கு வந்தபோது அவர் வயிறு பெரிதாக இருந்தது. இப்போது இல்லை. பாப்பாவைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். பாப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அம்மா பாசாரிலிருந்து வேறு பத்து விதைகள் வாங்கி வந்தார். “இதான் கடைசி. இதையும் அவிச்சா டீச்சர்கிட்ட நீயே பேசிக்கோ.”

சித்தி தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்க்கை எடுத்தார். கரடிப் படம் போட்டது. விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

“கொதிக்கிற பானாஸ் வேணாம், வெதுவெதுன்னு சுவாம் போதும்லா. கடையில கேட்டு வாங்கிக் குடிக்கிறோமே, அந்தச் சூடு.”

வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கலந்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

“எத்தனை டிகிரி சித்தி?”

“கைக்குத் தெரியும்மா.”

“யாரு சொல்லிக் கொடுத்தா?”

“கிளினிக்ல கிளாஸ் வச்சாங்க.”

‘சூடு: மணிக்கட்டு’ என்று எழுதிக்கொண்டேன். விதைகள் இரவெல்லாம் பிளாஸ்க்கில் ஊறின. காலையில் ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்தோம். ஆறாம் நாள் ஏழு விதைகள் வெள்ளையாக மூக்கை நீட்டின. மூன்று அப்படியே கிடந்தன.

ஏழே போதும். ஆனால் பள்ளியில் கொடுத்த அட்டவணையில் ‘முளைக்காததற்குக் காரணம்’ என்றொரு கட்டம் இருந்தது. அதே தண்ணீர், அதே துணி, அதே டப்பா. பிறகு ஏன்?

“சிலது வராதும்மா. யாரு மேலயும் தப்பு இல்ல” என்றார் சித்தி. டப்பாவை மூடிவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார். எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. அதையே கட்டத்தில் எழுதினேன்.

ஆசிரியை அதன் பக்கத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டார். சித்தியிடம் காட்ட ஓடி வந்தேன். அவர் கிள்ளானுக்குப் போய்விட்டிருந்தார். பிளாஸ்க் எங்கள் சமையலறையிலேயே இருந்தது. மறந்துவிட்டார் போலும். பாப்பா வீட்டுக்கு வந்ததும் தேவைப்படுமே என்று அதை நன்றாகக் கழுவி, காயவைத்து, மூடி வைத்தேன்.