அந்தோனியார் வெளிக்கிட்ட நாள்

காலையில், பார்க்கிங் என்கிற இந்த வெள்ளைக்கார ஊரில், என் வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி வீரிட்டு அலறியது. புயலாம், வெளியே போகவேண்டாமாம். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? யன்னல் திரையை விலக்கி, எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உள்ளே எடுத்துவிட்டாரா என்று பார்த்தேன். அவர் எடுத்தால்தான் எனக்கு அது புயல். என்ன செய்ய, மன்னார்க் கரையில் பிறந்த புத்தி.

எங்கள் கரையில் புயலென்று வானொலி சொல்லும், கிராமசேவகர் வந்து சொல்வார். கேட்டுவிட்டு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்போம். கோயிலிலிருந்து அந்தோனியார் சுருவத்தை, அதுதான் சிலையை, இறக்கிப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் ஊர் பின்னால் நடக்கும். சிரிக்காதீர்கள். சண்டைக்குப் பயந்து ஒருமுறை ஓடி, ஒன்பது வருசம் கழித்துத் திரும்பிய சனம் அது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பிளேஸ்டோவில் நாலு பேரோடு ஒரே அறையில் கிடந்து, பெற்றோல் நிலையத்தில் நான் வேலை செய்த காலம். ஊருக்குப் பெரும்புயல் வருகிறது என்று கேள்விப்பட்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன். கடலுக்கு முதல் வீடு அவருடையது. அண்ணி எட்டு மாதக் கர்ப்பிணி.

“வெளிக்கிட்டாச்சோ அண்ணை?”

“அந்தோனியார் இன்னும் கோயிலுக்கதான் இருக்கிறார். நான் முதல் வெளிக்கிட்டா, அவரை விட்டிட்டு ஓடினவன் எண்டெல்லோ சனம் சொல்லும்?”

வந்த கோபத்தில், கோயில் கதவுத் திறப்பை வைத்திருக்கும் மூப்பருக்கே எடுத்தேன். “ஐயா, சுருவத்தைத் தூக்குங்கோ. சனம் சாகப்போகுது.”

“தூக்க ஏலும் தம்பி. கரைச்சனம் ஒண்டும் அசையேல்லையே. உம்மட அண்ணை வெளிக்கிட்டாத் தூக்குவம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

சிரிப்பதா, அழுவதா? வாய்கூசாமல் பொய் சொன்னேன். “அண்ணை வெளிக்கிட்டிட்டார் ஐயா.” உடனே அண்ணைக்கு எடுத்து, “அந்தோனியாரை இறக்கிப்போட்டினமாம்” என்றேன். கால் மணித்தியாலத்தில் இரண்டு பொய்யும் உண்மையாகிவிட்டன. விடிய அண்ணையின் வீடு இருந்த இடத்தில் கடல் நின்றது. ஆள் ஒருவரும் சாகவில்லை. அண்ணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

அந்தப் பிள்ளை இப்போது கனடாவில். அண்ணியும் மூப்பரும் காலமாகிவிட்டார்கள். கரைச்சனம் பாதி பிரான்ஸில், மீதி எங்களோடு இங்கே, ஞாயிறு பூசைக்குப் பிறகு கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டு. அண்ணை மட்டும் அங்கே, திரும்பக் கட்டின வீட்டில் தனிய. போன மாதம் அந்தக் கரைக்கு மறுபடி எச்சரிக்கை. எடுத்தேன்.

“வெளிக்கிட்டாச்சோ அண்ணை?”

“எல்லாற்ற வீடும் பூட்டிக் கிடக்கு. ஆரைப் பாத்து வெளிக்கிட, தம்பி?”

இந்த முறை பொய் ஒன்றும் வரவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பார்க்கிங் தெருவில் இறங்கினேன்.

“நான் வெளிக்கிட்டிட்டன் அண்ணை. நடக்கிறன். நீங்களும் வாங்கோ.”

அந்தப் பக்கம் கதவு பூட்டுகிற சத்தமும் பிறகு செருப்புச் சத்தமும் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை.